அத்தானின் முடி என்று மொரிதா தந்தது

1

யப்பான்காரன் சரணடைந்து ஒரு வருஷம் நிறைந்ததென்று இங்கே மலாயாவில், சிரம்பானில் கொண்டாட்டம் வைத்தார்கள். ஸ்ரேஷன் வாசலில் தோரணம், பாண்டு வாத்தியம், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இனிப்பு. அதற்கு முதல் நாள் பட்டணத்தைச் சுத்தமாக்க வேண்டுமல்லவா? அதற்கும் யப்பான்காரர்தான். ஊருக்குப் போகக் கப்பல் கிடைக்காமல் இன்னும் கைதிகளாய் இருக்கிறவர்களை லொறியில் கொண்டுவந்து, நான் வேலைசெய்கிற ரெயில்வே கந்தோருக்கு முன்னால் ஓடுகிற சாக்கடைக் கானை வாரச் சொன்னார்கள்.

நான் படியில் நின்று வேடிக்கை பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியுமா? இவர்களைத் தெருவில் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கிக் குனிந்து, அவர்கள் போகும் வரை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற சனம் நாங்கள்.

முழங்கால் அளவு சேற்றில் நின்ற ஒருவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். மண்வெட்டியை மதிலோடு சாத்தினான். இரண்டு கைகளையும் தொடையில் ஒட்டி இடுப்பு வரை குனிந்தான். குனிந்த விதத்திலேயே ஆளைத் தெரிந்துவிட்டது. மொரிதா! எங்கள் பயிற்சிப் பள்ளிக்கூடத்துச் சார்ஜன். எங்கள் ஆட்களைப் படைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களாக ஆக்குவதற்கென்று வந்தவன். நான் அவனுக்கு மொழிபெயர்ப்பாளனாய் இருந்தவன்.

காவலுக்கு நின்ற வெள்ளைக்காரப் பெடியன் மரநிழலில் சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தான். மொரிதா கானுக்கு வெளியே ஏறி வந்தான். கைகளைக் காற்சட்டையில் துடைத்து, அது போதாதென்று புல்லிலும் துடைத்து, சட்டைக்குள்ளிருந்து எண்ணெய்த்தாள் சுற்றிய சின்னப் பொதி ஒன்றை எடுத்தான். இரண்டு கைகளாலும் நீட்டினான்.

"பொன்னம்பரம்," என்றான். பொன்னம்பலம் என்பது அவன் வாயில் எப்போதும் அப்படித்தான் வரும்.

பொன்னம்பலம் என் அத்தான். என் அக்கா பூரணத்தின் புருஷன். இந்தியச் சுதந்திரத்துக்கென்று யப்பான்காரரோடு சேர்ந்து இந்திய எல்லைக்குப் போன படையோடு போய்த் திரும்பி வராதவர்.

பொதிக்குள் இருப்பது அத்தானின் தலைமுடியும் நகமும் என்று மொரிதா நம்புகிறான். நம்பித்தான் இத்தனை நாளும் நெஞ்சோடு வைத்திருந்திருக்கிறான். உள்ளே இருப்பது அத்தானுடைய முடியும் அல்ல, நகமும் அல்ல என்பது எனக்குத் தெரியும்.

2

இதை ஊரிலுள்ளவர்கள் வாசிக்க வேண்டுமென்றே எழுதுகிறேன். மலாயாவில் காணாமற்போன யாழ்ப்பாணத்தார் அத்தான் ஒருவர் மட்டுமல்ல. எங்கள் வீட்டில் நடப்பது எத்தனையோ வீடுகளில் நடக்கிறது.

தபால் திரும்ப ஓடத் தொடங்கிய உடனே அக்காவின் முதல் கடிதம் வந்தது. சுகம் விசாரிக்கவில்லை. சண்டை முடிந்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. "தம்பி, அத்தான் எங்கை?" என்று தொடங்கி, அதையே வேறு வேறு விதமாய்க் கேட்டு முடிந்திருந்தது.

அத்தான் பண்டத்தரிப்பில் புகையிலைத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. படித்து, சோதனை பாஸ்பண்ணி, சிரம்பான் ஸ்ரேஷனில் எழுத்து வேலைக்கு வந்தவர். லீவில் ஊருக்குப் போய் அக்காவைக் கலியாணம் முடித்துவிட்டுத் திரும்பினார். பிள்ளை பிறந்த செய்தி இங்கே தந்தியில்தான் வந்தது. அக்காவையும் பிள்ளையையும் கூப்பிடுவதற்கு வீடு பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் சண்டை வந்து கடல் மூடிக்கொண்டது. நான் அதற்குக் கொஞ்சம் முன்னர், அத்தானின் சிபாரிசில், மானிப்பாய்ப் பள்ளிக்கூடத்தை முடித்த கையோடு கப்பலேறி வந்திருந்தேன்.

இப்போது பண்டத்தரிப்பில் நடப்பது இதுதான். அத்தானின் வீட்டார், செத்தவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யவேண்டும், ஆத்துமா அலையக்கூடாது என்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் பிழையில்லை, பெற்றவர்கள். அக்கா தாலியைக் கழற்றமாட்டேன், பொட்டை அழிக்கமாட்டேன் என்கிறாள். தைப்பொங்கலுக்குப் பானை வைத்ததற்கும் கதை, வைக்காமல் விட்டதற்கும் கதை. கலியாண வீட்டுக்குப் போனால் சுமங்கலிகள் ஒருமாதிரிப் பார்க்கிறார்களாம், செத்த வீட்டுக்குப் போனால் தாலியறுத்த பெண்கள் ஒருமாதிரிப் பார்க்கிறார்களாம்.

"நான் எந்தப் பக்கத்திலை இருக்கிறதெண்டு ஒருதருக்கும் தெரியேல்லை," என்று எழுதியிருந்தாள். "அவரின்ரை ஒரு துணித்துண்டு எண்டாலும் வரட்டும். அவர் தொட்டது ஏதாவது கைக்கு வந்தாத் தலைமுழுகுறன். அதுக்கு முன்னம் ஒருதரும் என்னோடை கதைக்கத் தேவையில்லை."

அத்தானின் உடுப்பு, பெட்டி எல்லாம் வாடகை வீட்டோடு குண்டில் போய்விட்டன. அனுப்புவதற்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

3

படையில் ஏன் சேர்ந்தீர்கள் என்று ஊரிலிருந்து கேட்பது சுகம். நான் சேர்ந்தது சுதந்திர மோகத்தில். மேடைப் பேச்சைக் கேட்டு மயிர் சிலிர்த்து, இராச் சாப்பாட்டையும் மறந்து பெயர் கொடுத்தவன். அத்தான் அப்படியில்லை. ஸ்ரேஷன் வேலை போனபிறகு ஆட்களைச் சயாம் காட்டுக்கு ரெயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். போனவர்கள் வரவில்லை. "பாதை போட்டுச் சாகிறதிலும் பாக்க, சோற்றைத் திண்டிட்டுச் சாவம்," என்று சொல்லிக்கொண்டு வந்தவர் அவர்.

இங்கிலிஷ் தெரிந்தவர்கள், உயரமானவர்கள் என்று பொறுக்கி எடுத்து எங்களைப் பயிற்சிப் பள்ளிக்கூடத்தில் விட்டார்கள். தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் வரப்போகும் தொழிலாளப் பெடியன்களைச் சிப்பாய்களாக்க ஆசிரியர்கள் வேண்டும். அந்த ஆசிரியர்களை ஆக்கத்தான் மொரிதா.

அந்தப் பள்ளிக்கூடத்தின் கூத்தைக் கேளுங்கள். மொரிதா யப்பான் பாஷையில் சொல்வான். மாலை வகுப்பில் அந்தப் பாஷையைப் பிடித்துக்கொண்ட நான் அதைத் தமிழில் சொல்வேன். கட்டளைகள் மட்டும் இந்துஸ்தானியில் இருக்கவேண்டும், அது படையின் சட்டம். எங்களிடம் படிக்க வருகிற தோட்டத்துப் பெடியன்களோ திருச்சிராப்பள்ளிப் பக்கத்துத் தமிழர். எங்கள் யாழ்ப்பாணத் தமிழே அவர்களுக்குப் பாதிதான் விளங்கும். ஒரு கால் முன்னே வைப்பதற்கு மூன்று நாட்டுப் பாஷை வேலைசெய்தது.

மொரிதா கெட்டவனா நல்லவனா என்று என்னைக் கேட்காதீர்கள். "கொர்ரா!" என்று அவன் கத்தினால் பறவை எழும்பும். ஆனால் பாடம் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவன். ஆசிரியன் முதலில் செய்துகாட்ட வேண்டும், தான் செய்யாததைப் படிக்கிறவனிடம் கேட்கக்கூடாது என்பான். முகத்தைப் பார்க்காதே, முகம் பொய் சொல்லும், பாதத்தைப் பார் என்பான். எல்லாவற்றிலும் பெரியது அவனுக்கு வெயில். வகுப்பு எடுக்கும்போது வெயில் ஆசிரியனின் கண்ணில் விழவேண்டும், படிக்கிறவன் கண்ணில் விழக்கூடாது. ஒருநாள் ஒருவன் சூரியனுக்கு முதுகுகாட்டி நின்று வகுப்பெடுத்தான். மொரிதா அவன் தோளைப் பிடித்துத் திருப்பி, கண் கலங்கும்வரை அப்படியே நிற்கவைத்தான்.

அத்தானுக்கு இது உடனே பிடிபட்டது. உடம்பு வளையாதவர், ஓட்டத்தில் கடைசி. ஆனால் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினால் மொரிதாவே கையைக் கட்டிக்கொண்டு கேட்பான். துவக்கைக் கழற்றிப் பூட்டுவதைத் தோட்டத்துப் பெடியன்களுக்கு அத்தான் ரப்பர் பால் வெட்டுகிற கத்தியை வைத்து விளக்குவார். ஒருவனையும் "டேய்" என்று கூப்பிட்டதில்லை. "வாரும், நீர் ஒருக்காச் செய்து காட்டும்," என்பார். வாழ்க்கையில் அவர்களை அப்படி ஒருவரும் கூப்பிட்டிருக்கமாட்டார்கள்.

அடிக்கு மட்டும் ஒருவருக்கும் விலக்கில்லை. வரிசையில் ஒருவன் பிழைவிட்டால், எல்லாரையும் எதிரெதிராய் நிறுத்தி ஒருவரையொருவர் கன்னத்தில் அறையச் சொல்வான். ஒருநாள் அத்தானும் நானும் எதிரெதிரே. எங்கள் வீட்டில் அத்தான் நிற்க நான் கதிரையில் இருந்ததில்லை. கை எழும்பவில்லை.

"அடியடா தம்பி," என்றார் உதடு அசையாமல். "மெதுவா அடிச்சியெண்டா உவன் வந்து எப்பிடி அடிக்கிறதெண்டு செய்து காட்டுவான். உவன்ரை கையிலும் பாக்க உன்ரை கை பறவாயில்லை."

அடித்தேன்.

"அக்காவுக்கு எழுதிப்போடாதை," என்றார் கன்னத்தைத் தடவிக்கொண்டு. "தம்பிதான் வெண்டான் எண்டு ஊரெல்லாம் சொல்லித்திரிவாள்."

4

நான் இப்போது குடியிருக்கிற வீட்டுக்காரர் சுழிபுரத்தார். அவருடைய மகள் கயிறடிக்கும்போது "இச்சி, நி, சான்" என்று எண்ணுகிறாள். யப்பான் பள்ளிக்கூடத்தில் படித்தது. தாய் தமிழில் ஏசினால் மலாயில் பதில் வருகிறது. தேவாரம் பாடச் சொன்னால் யப்பான் ராசாவுக்குப் பாடின பாட்டின் மெட்டில் இழுக்கிறாள். தகப்பன் சிரிக்கிறார், தாய் குசினிக்குள் போய் அழுகிறாள். அந்தப் பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் பண்டத்தரிப்பில் இருக்கிற மற்றப் பிள்ளையை நினைக்கிறேன். அதற்குத் தமிழெல்லாம் சரியாய் வரும். தகப்பனின் முகம்தான் வராது. அத்தானின் படம் என்று வீட்டில் இருந்தது கலியாணப் படம் ஒன்று. அதிலும் தலைப்பாகை தலையை மூடியிருக்கிறது.

மானிப்பாயில் எங்களுக்கு டிரில் பழக்கியவர் ஒரு வெள்ளைக்காரப் பென்ஷன் சார்ஜன். கஞ்சி போட்ட காற்சட்டை, மெழுகு தடவிய மீசை. வாத்திமாரையும் வரிசையில் விட்டு, நீங்கள் பழகினால்தான் பிள்ளைகளைப் பழக்கலாம் என்பார். மண்டபத்து நிழலில் நின்றுகொண்டு எங்களை வெயிலில் நடத்துவார். ஒருநாளும் கைநீட்டியதில்லை. எங்கள் பெயர்களும் அவருக்குக் கடைசிவரை தெரியாது. மொரிதாவுக்கு எல்லாருடைய பெயரும் தெரியும், எல்லாருடைய கன்னமும் தெரியும். இரண்டு பேரிலும் ஆர் திறம் என்று ஒருமுறை அத்தானைக் கேட்டேன்.

"ரண்டு பேரும் தங்கடை சண்டைக்குத்தானே எங்களைப் பழக்கினவை," என்றார். "ஆனா வெயில் கதை சரி. அதை நான் எடுத்துக்கொண்டன்."

5

முடி கதைக்கு வருகிறேன்.

பயிற்சி முடிகிற நாள். மொரிதா வாங்குப் பலகையில் வெள்ளைத்தாள் துண்டுகளை அடுக்கிவைத்து ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் எழுதியிருந்தான். எல்லாருக்கும் முன்னால் இருந்து, கத்தரிக்கோலால் தன் தலையில் கொஞ்சம் முடியை வெட்டினான். விரல் நகங்களை வெட்டினான். ஒரு தாளில் மடித்தான். பிறகு சொன்னான், நான் தமிழில் சொன்னேன்:

"போகிற இடத்திலிருந்து உடம்பு திரும்பி வராது. இது வீட்டுக்குப் போகும். வீட்டார் வைத்துக் கும்பிட ஏதாவது வேண்டும். நாளைக்கு நீங்கள் பழக்கப்போகிறவர்களுக்கும் இதைச் செய்யக் கற்றுக்கொடுங்கள். இது தனியாகச் செய்கிற காரியம். ஒதுக்கமாய்ப் போய்ச் செய்துவிட்டு வாருங்கள்."

அந்தக் குரலில் அதட்டல் இல்லை. எங்களுக்குத் தரக்கூடியவற்றில் பெரிய மரியாதையைத் தருகிறான் என்று எனக்கு விளங்கியது. எங்கள் ஆட்களின் முகத்தைப் பார்த்தேன். பேயடித்த மாதிரி நின்றார்கள்.

ஊரிலுள்ளவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. எங்கள் அம்மா வெட்டிய நகத்தைப் பொறுக்கி மண்ணுக்குள் புதைக்கிறவள். சீப்பில் கழிந்த மயிரைச் சுருட்டித் துப்பி எறியாமல் விடமாட்டாள். வேலிக்கரையில் மந்திரித்து மயிர் சுற்றிய தேசிக்காய் ஒன்று கிடந்ததற்கு எங்கள் ஒழுங்கை முழுவதும் ஒரு கிழமை நித்திரையில்லாமல் கிடந்தது. ஒரு மனிதனின் முடியும் நகமும் தாளில் மடித்து வாசலுக்கு வந்தால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே கருத்துத்தான். செய்வினை.

நாங்கள் குசினிக்குப் பின்னால் போனோம். அத்தான், நான், வல்வெட்டித்துறைச் செல்லத்துரை. செல்லத்துரை கப்பல்காரர் வீட்டுப் பெடியன், இளவயதிலேயே வழுக்கை. என் பெயருக்கும் ஒரு தாள் இருந்தது, மொழிபெயர்ப்பாளனும் படைக்காரன்தானே.

"உது வீட்டை போச்சுதெண்டா என்ரை மாமி என்ன செய்வா தெரியுமோ?" என்றார் அத்தான். மாமி என்றது என் அம்மாவை. "வடமராட்சி, தென்மராட்சி எண்டு இருக்கிற பேயோட்டியெல்லாம் எங்கடை வீட்டிலைதான் சாப்பாடு. பூரணத்தைப் பிடிச்சு வைச்சு வேப்பிலை அடிப்பினம். நான் செத்ததையே மறந்துபோவினம்."

"அப்ப மாட்டன் எண்டு சொல்லுங்கோவன் அண்ணை," என்றான் செல்லத்துரை.

"நீ போய்ச் சொல்லு. கன்னம் உன்ரை."

சமையற்காரன் உரித்துப்போட்ட தேங்காய் மட்டையும் சிரட்டையும் அங்கே குவிந்து கிடந்தன. அத்தான் ஒரு மட்டையை எடுத்தார். நாராய்த் தும்பை உரித்து, விரலில் சுற்றி, நூலை எடுத்துக் கட்டினார். பிறகு சவரத் தகட்டால் சிரட்டையின் விளிம்பைச் சுரண்டினார். வளைந்த சீவல்கள் விழுந்தன. அசல் நகம்!

"இஞ்சை பார், எனக்கு வயசுபோனா இப்பிடித்தான் நரைக்கும், செம்பட்டையா."

"அண்ணை, எனக்கு இன்னும் கொஞ்சம் கூடப் பிடுங்கித் தாங்கோ," என்றான் செல்லத்துரை. "கலியாணம் முடிக்காதவன். வழுக்கையெண்டு ஊருக்குத் தெரியாமலே போகட்டும்."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அவ்வளவு சிரிப்பு அந்த முகாமில் நாங்கள் சிரித்ததில்லை. தாள்களை மடித்துக்கொண்டு திரும்பினோம்.

மொரிதா ஒவ்வொரு பொதியையும் இரண்டு கையாலும் வாங்கினான். வாங்கிய பிறகு கொடுத்தவனைப் பார்த்துக் குனியவில்லை. பொதியைப் பார்த்துக் குனிந்தான். அத்தானின் முறை வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"உவன் மெய்யாத்தானே செய்யிறான், தம்பி," என்றார் வெளியே வந்து.

தோட்டத்துப் பெடியன்களுக்கு அத்தான் இதை எப்படிக் கற்றுக்கொடுத்தார் தெரியுமா? "உங்கடை வீட்டிலை இதைக் கண்டா என்ன நினைப்பினமெண்டு உங்களுக்குத்தான் தெரியும். குசினிக்குப் பின்னாலை மட்டை கிடக்கு," என்றார். பாதிப் பேர் மட்டைக்குப் போனார்கள். மற்றவர்கள் தங்கள் தலையிலேயே வெட்டினார்கள்.

அந்த மாதமே மொரிதா நல்ல ஆசிரியர்களைப் பொறுக்கி வடக்கே கூட்டிக்கொண்டு போனான். முதற் பெயர் அத்தானுடையது. கெட்டிக்காரனாய் இருந்ததுதான் அவருக்கு வினையாய்ப் போயிற்று. என்னை அடுத்த வகுப்புக்கு மொழிபெயர்க்க விட்டுவிட்டுப் போனார்கள். ரெயிலில் ஏறின அத்தான் யன்னலால் கையை வெளியே நீட்டி, வெயில் என் கண்ணில் விழுகிற மாதிரித் தள்ளி நில் என்று சைகை காட்டினார். நான் சிரித்தேன். கண் கூசியதில் ரெயில் போனது சரியாய்த் தெரியவில்லை.

6

கொண்டாட்டத்துக்கு அடுத்த நாளும் கான் வேலை மிச்சமிருந்தது. பாணும் வெறுந்தேத்தண்ணியும் கொண்டுபோனேன். காவற்காரப் பெடியனுக்குச் சிகரெட். பாதி மலாயிலும் பாதி யப்பான் பாஷையிலும் கதைத்தோம். மொரிதா மதிலோரம் வந்து நின்றான், நின்ற இடம் சரியில்லையென்று எட்டுவைத்து மாறி நின்றான். வெயில் அவன் கண்ணில் விழுந்தது. பழக்கம்.

"எங்கே?" என்று கேட்டேன்.

"எல்லையிலிருந்து திரும்பி வருகிற வழி. ஆற்றங்கரை. மழை."

"குண்டா?"

"வயிற்றோட்டம். எங்களில் அனேகம் பேருக்கு அதுதான்."

"புதைத்தீர்களா?"

"நானே தோண்டினேன். அடுத்த நாள் ஆறு பெருகிவிட்டது."

பாணைப் பிய்த்துத் தேத்தண்ணியில் நனைத்துத் தின்றான். பிறகு தானாகவே சொன்னான்:

"கடைசி வரை வகுப்பெடுத்தார். நடக்க முடியாமல் வந்த பையன்களுக்கு, துவக்கை எறியுங்கள், சோற்றுச் சட்டியை எறியாதீர்கள் என்று சொல்லிக்கொடுத்தார். நான் சொல்லிக்கொடுத்ததற்கு நேர் எதிர். நான் பக்கத்தில்தான் நின்றேன். அறையவில்லை."

செல்லத்துரையைப் பற்றிக் கேட்டேன். தெரியாது என்றான். ஆற்றுக்கு முன்னமே பிரிந்துபோன கூட்டத்தில் இருந்தானாம்.

"மற்றப் பொதிகள்?"

"சரணடைந்தபோது எல்லாவற்றையும் எரிக்கச் சொல்லி உத்தரவு. எரித்தோம். நான் என் கையால் புதைத்தவர்களுடையதை மட்டும் எடுத்து வைத்தேன். மற்றவர்களின் வீடு எங்கே என்று எனக்குத் தெரியாது. இவருடைய வீடு நீ."

நான் அவனுடைய வீட்டைப் பற்றிக் கேட்டேன். புறப்படும்போதே தன் முடியையும் நகத்தையும் தாயிடம் கொடுத்துவிட்டு வந்தவனாம், எங்கள் முன்னால் வெட்டியது இரண்டாவது தடவை. தாய் இருந்த பட்டணம் குண்டில் எரிந்துவிட்டதாம். ஒரு செய்தியும் இல்லை.

"என் முடி எரிந்துவிட்டது," என்றான். "நான் இங்கே கான் வாருகிறேன்."

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் கேட்டுவிட்டான்:

"உன் அக்கா இதை வீட்டில் எங்கே வைப்பார்?"

"எங்கள் வழக்கத்தில் வைப்பதில்லை. எரிப்போம்."

"அதுவும் சரிதான்," என்றான். விசில் ஊதினார்கள். கானுக்குள் இறங்கிவிட்டான். பிறகு அந்த லொறி எங்கள் பக்கம் வரவில்லை.

7

மரணப் பதிவுக்கு அலைந்தேன். கந்தோரில் இருந்தவர் மானிப்பாயார், வயதானவர், ஊர்க்காரனென்று கதிரை தந்தார். சொன்னதெல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, உடம்பைக் கண்ட டாக்குத்தர் ஆர்?"

"டாக்குத்தர் இல்லை. புதைச்சவன் இருக்கிறான்."

"ஆர் அவன்?"

"யப்பான் சார்ஜன். கைதி."

"அவன்ரை சொல்லை இஞ்சை ஒருதரும் எடுக்கமாட்டினம். எழுதிக் குடுத்தீரெண்டா முதல் கேள்வி உமக்குத்தான் வரும், அந்தப் படையோடை உமக்கென்ன தொடர்பு எண்டு. வேலை வேணுமோ வேண்டாமோ?" குரலைத் தாழ்த்தினார். "ஏழு வருஷம் தகவலில்லையெண்டாச் சட்டம் தானாச் செத்தவரெண்டு எடுக்கும். அதுமட்டும் பொறுத்திரும்."

அக்கா இன்னும் அத்தனை வருஷம் இரண்டு பக்கமும் இல்லாமல் நிற்பதா? வீட்டுக்கு வந்து சுழிபுரத்தார் மனைவியிடம் சொன்னேன்.

"பேசாமல் முடியெண்டு சொல்லி அனுப்பும்," என்றார் அந்த அம்மா. "ஒரு மனிசி அழுது முடிக்கட்டன். தும்பெண்டு சொல்லி ஆருக்கு என்ன லாபம்?"

பொதியை மேசையில் வைத்துக்கொண்டு இருந்தேன். கடைசியில் பிரித்தேன். தும்பு கறுத்துப்போயிருந்தது. சிரட்டைச் சீவல்கள் சுருண்டு கிடந்தன. முடி என்று எழுதினால் அக்கா நம்பலாம். தூசி பிடித்த பழைய முடி எப்படி இருக்குமென்று ஆருக்குத் தெரியும்? ஆனால் அதை எரித்த பிறகு ஆயுள் முழுவதும் அவளுடைய முகத்தை நான் பார்க்கவேண்டும்.

உள்ளதை உள்ளபடி எழுதினேன். குசினிக்குப் பின்னால் சிரித்ததிலிருந்து ஆறு பெருகியது வரை. பேயோட்டி கதையையும் விடவில்லை. "இது அத்தான் இல்லை, தும்பு. ஆனால் அத்தான் இல்லை என்பது உண்மை" என்று முடித்து, பொதியையும் வைத்து அனுப்பினேன். அனுப்பிய பிறகு, அனுப்பியிருக்கக் கூடாதோ என்று தபாற்காரனைக் காணும்போதெல்லாம் யோசித்தேன்.

8

இந்தக் குறிப்புகளை இதோடு விட்டு வைத்திருந்தேன். நேற்று அக்காவின் கடிதம் வந்தது. வேண்டிய பகுதியை அவளுடைய சொல்லிலேயே தருகிறேன். அதில் நான் கைவைக்க ஒன்றுமில்லை.

"தம்பிக்கு, பொதி வந்தது. எங்கடை ஐயா பிரிக்க வேண்டாமெண்டார். அம்மா தொட வேண்டாமெண்டா. நான் பிரிச்சன். நீ எழுதினபடி தும்புதான். ஆனா நீ ஒண்டைக் கவனிக்கேல்லை. அதிலை போட்டிருக்கிற முடிச்சு புகையிலைச் சிப்பம் கட்டுற முடிச்சு. அவரின்ரை வீட்டிலை எல்லாரும் வலப்பக்கம் சுத்திக் கட்டுறவை, அவர் ஒராள்தான் இடப்பக்கம். மாமா எத்தினை நாள் அதுக்கு ஏசியிருக்கிறார். மாமாவுக்கும் காட்டினன். பாத்த உடனை நிலத்திலை இருந்திட்டார்.

நான் கேட்டது அவர் தொட்டது ஒண்டு. வந்திட்டுது. தலைமுழுகினன். தாலியை நானே கழட்டினன், ஒருதரையும் கிட்ட விடேல்லை.

அம்மா மட்டும் தும்பை வைச்சு எப்பிடிச் செய்யிறதெண்டு ஐமிச்சப்பட்டுக்கொண்டு நிண்டா. ஐயரைக் கேட்டம். உடம்பு கிடைக்காதவைக்குத் தர்ப்பையாலை உருவம் செய்து தலைக்குத் தேங்காய் வைக்கிறதுதான் முறை, தேங்காய்க்குத் தும்பு பொருந்தாமல் வேறை என்ன பொருந்துமெண்டார். முற்றத்திலை வளர்த்தி, சுண்ணம் இடிச்சு, எல்லாம் முறையாச் செய்தது. தலைமாட்டிலை அவர் கட்டின தும்பை நான்தான் வைச்சன். சிரட்டைச் சீவலைக் கைப்பக்கம் வைச்சன். மாமாதான் கொள்ளி. சாம்பலைக் கீரிமலைக்குக் கொண்டுபோய்க் கடலிலை விட்டவை.

அந்த யப்பான்காரனைக் கண்டியெண்டா வந்து சேந்தது எண்டு சொல்லு. தும்பெண்டு சொல்லாதை.

எடுக்கிறதுக்கு முன்னம் பிள்ளை கிட்ட வந்து பாத்துக்கொண்டு நிண்டவள். அப்பாவின்ரை தலைமயிர் இப்பிடியோ அம்மா எண்டு கேட்டாள்.

ஓம் எண்டு சொன்னன்."